ஒயிட் ஸ்பிரிட் புட்டி

ஷார்ஜா
3.6.2025

அன்புத் தங்கச்சி நஜீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் ஜஸீலா மச்சியும் பிள்ளைகளும் அல்லாஹ் கிருபையால் நலம். உம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில்தான் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று மச்சி கேலி செய்கிறாள். கூரியரில் வெறும் சரக்குக் காகிதம் மட்டும் வந்தால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

இந்த முறை புதுச் சரக்கு. பெயின்ட் கரைக்கிற ஒயிட் ஸ்பிரிட், டேங்க் கன்டெய்னரில் வருகிறது. உனக்கென்று ஒரு சின்னப் புட்டியில் சாம்பிள் வைத்திருக்கிறேன். துணியில் சொட்டு விட்டுப் பார்ப்பாயே, பார்த்துக்கொள்.

ஒரே ஒரு வேண்டுகோள். புதுக் கெமிக்கல் என்றால் முதலில் லேபுக்கு அனுப்பச் சொல்லி நீயே சுங்கத்தில் எழுதிக் கேட்பாய். பதில் வர வாரக்கணக்காகும். செப்டம்பரில் நம் நௌஷினுக்கு ஊரில் நிக்காஹ். அதற்குள் சரக்கு கைமாறியாக வேண்டும். ஊரார் சரக்குக்கு லேப் கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானா சரக்குக்குமா?

உன் நானா
ஷகீல்

காரைக்கால்
21.6.2025

அன்புள்ள நானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உம்மாவுக்கு வலி தேவலை. பேத்தி கல்யாணம் என்றதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள், வலியாவது ஒன்றாவது!

புட்டி வந்தது. வெள்ளை மல் துணியில் இரண்டு சொட்டு விட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. கறையும் இல்லை, பிசுக்கும் இல்லை. மண்ணெண்ணெயாக இருந்தால் மறுநாள்கூடத் துணியை விட்டுப் போயிருக்காது.

உங்கள் மச்சான் அஜ்மீர் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டும் பெட்ரோலியம்தானே, எந்த நம்பரைப் போட்டா என்னவாம்?" என்கிறார். என் வீட்டுக்காரருக்கே இவ்வளவுதான் தெரியும், பாருங்கள். சுங்க வரிப் பட்டியலில் ஒயிட் ஸ்பிரிட்டுக்கு ஓர் எண், மண்ணெண்ணெய்க்கு ஓர் எண். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. முதலாவதை யாரும் இறக்கலாம். இரண்டாவதை அரசாங்க நிறுவனம்தான் இறக்கலாம். கதவு மாறிப் போனால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

லேப் கேட்கவில்லை நானா. ஒயிட் ஸ்பிரிட் எண்ணைப் போட்டு என் கையெழுத்தில் தாக்கல் செய்துவிட்டேன். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் சிவப்ரியா, "நெஜமாவா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். "எங்க நானா சரக்கு, பேசாம இரு" என்றேன். உங்களுக்கு மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வருமா? அதற்குக் கூலியாக நிக்காஹ் புடவையை நான்தான் தேர்ந்தெடுப்பேன், மச்சியிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் நஜி

காரைக்கால்
18.7.2025

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை அதிகாரிகள் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

சரக்கை விடுவிக்கும் நேரத்தில் டேங்கைத் திறந்து மாதிரி எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன், துப்பட்டாவில் தெறித்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா, "என்னடி, கிருஷ்ணாயில் நெடி அடிக்குது?" என்றார்கள். லேபும் அதையேதான் சொல்கிறது. உள்ளே இருப்பது மண்ணெண்ணெய்.

என் சுங்கத் தரகர் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பரீட்சை எழுதி, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை வாங்கிய லைசென்ஸ் அது. உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆபீஸைப் பூட்டிவிட்டேன்.

அங்கே ஏற்றும் இடத்தில் யாரோ டேங்கை மாற்றிவிட்டிருக்கிறார்கள். நீங்களே நேரில் போய் விசாரித்து, அவர்களிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய புட்டியில் பாதி மிச்சம் இருக்கிறது. சரக்கு என்று எனக்குக் காட்டியது எது என்று அதிகாரிகளிடம் காட்டலாம் இல்லையா? உடனே பதில் போடுங்கள் நானா. பயமாக இருக்கிறது.

நஜி

ஷார்ஜா
6.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வியாபாரம் என்றால் இப்படி நாலும் நடக்கும். லைசென்ஸ் போனால்தான் என்ன? அஜ்மீர் மச்சானுக்குத் திருமலைராயன்பட்டினத்தில் கடை இருக்கிறது, உனக்கு என்ன குறை? நான்தான் உன்னை விட்டுவிடுவேனா?

வக்கீல் சொன்னபடி அதிகாரிகளுக்கு ஒரு பதில் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான், படித்துக் காட்டினால் மனசில் வைத்துக்கொள்ளாதே.

அந்தப் புட்டியை மட்டும் யாருக்கும் காட்டாதே. கொட்டிவிட்டு, புட்டியையும் எங்காவது போட்டுவிடு. நௌஷின் முகத்தை நினைத்துக்கொள்.

நிக்காஹை இங்கேயே ஷார்ஜாவில் வைத்துவிடலாம் என்று இருக்கிறோம். அதுதான் எல்லாருக்கும் வசதி.

உன் நானா
ஷகீல்

காரைக்கால்
19.8.2025

ஷகீல் அவர்களுக்கு,

நேற்று என்னை உட்காரவைத்து உங்கள் பதிலைப் படித்துக் காட்டினார்கள். எந்த எண் போடுவது என்று முடிவு செய்தது தரகராம். லேப் வேண்டாம் என்றதும் தரகராம். சாம்பிள் என்று நீங்கள் எதையும் அனுப்பவே இல்லையாம்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். படித்து முடித்துவிட்டு, "இவர் உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவர் என்று சொல்லவில்லை. "க்ளையன்ட், சார்" என்றேன்.

டேங்க் மாறிவிட்டது என்று ஒரு மாதமாக எல்லாரிடமும் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய பைத்தியக்காரி நான்! புட்டியைக் கொட்டச் சொன்னீர்கள் பாருங்கள், அப்போதுதான் புரிந்தது. டேங்கில் என்ன இருக்கிறது என்று ஏற்றும்போதே உங்களுக்குத் தெரியும். டீசலில் கலந்து விற்கக் கொண்டுவந்த மண்ணெண்ணெய், புட்டியில் மட்டும் நல்ல ஒயிட் ஸ்பிரிட். துணியில் சொட்டு விட்டுப் பார்க்கும் வழியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மச்சியின் வெள்ளைக் கைக்குட்டையில் சொட்டு விட்டுக் காட்டினேன். எல்லாரும் சிரித்தோம். என்னை ஏமாற்ற எவ்வளவு போதும் என்று அளந்து அனுப்பியிருக்கிறீர்கள். வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு இப்படி எரிந்திருக்காது.

புட்டியையும், அது வந்த கூரியர் பெட்டியையும் இன்று காலை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதங்களைக் கொடுக்கவில்லை. அவற்றில் நௌஷின் பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நிக்காஹுக்கு உம்மாவை அஜ்மீர் கூட்டிக்கொண்டு வருவார். உம்மாவுக்கு இதுவரை எதுவும் தெரியாது, என் வாயால் தெரியவும் வேண்டாம். நீங்கள் போன் செய்தால் அவர்கள் எடுப்பார்கள், பேசுங்கள். தங்கச்சி எங்கே என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

நஜீபா