சக்கரையாம், எனக்கு!

ஜூலை 9, செவ்வாய்

போன வருடம் மூச்சைப் பிடித்துப் பொத்தான் போட்ட ஜீன்ஸ், இன்று இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. ஊக்கு குத்திக்கொண்டு போனேன். வகுப்பில் ஆளாளுக்கு, "இளைச்சுட்டடி, என்ன பண்ற?" ஒன்றும் பண்ணவில்லை. அதைச் சொல்வேனா? டயட் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். நாள் முழுக்கத் தலைகால் புரியவில்லை.

அறைக்கு வந்தால் கொசு மட்டும் மூஞ்சியைச் சுளித்தாள். என் அறைத்தோழி. காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் விடுதி முழுக்க அவள் கொசுதான். "ராத்திரி பூரா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடக்கற. கொடம் கொடமா தண்ணி குடிக்கற. டாக்டர்ட்ட போ." கேன்டீனைத் தாண்டி மருத்துவ அறை ஒன்று இருக்கிறதாம். யார் போவது? வெயிலுக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும்.

ஜூலை 13, சனி

ஒரே அசதி. மாடிப்படியில் கால் கெஞ்சுகிறது. போர்டில் எழுதுவது மங்கலாகத் தெரிகிறது. பக்கத்து அறைக்காரிகள் ஜூஸாக வாங்கி வந்து ஊற்றுகிறார்கள், நல்ல பிள்ளைகள். குடிக்கக் குடிக்க இன்னும் தாகம்.

ஜூலை 14, ஞாயிறு

வாந்தி. விடுதிச் சாப்பாடுதான், வேறென்ன. கொசு கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "பழம் தின்னியா? வாயில பழ வாசனை அடிக்குது" என்கிறாள். தொண்டையில் தண்ணீரே இறங்கவில்லை, இதில் பழம் வேறயா.

ஜூலை 18, வியாழன்

மருத்துவமனை. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

ஞாயிறு சாயங்காலம் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதாம். பேச்சு குழறியதாம். எனக்கு எதுவுமே நினைவில்லை. கொசுதான் வார்டனைக் கையோடு இழுத்து வந்து ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சக்கரையாம். எனக்கு!

சக்கரைன்னா பெரியவங்களுக்கு வர்றதில்லையா? தொப்பை வெச்சவங்களுக்கு? என் வயதிலும் வருமாம். உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுமாம். இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லையாம். தாகம், கண் மங்கல், அந்தப் பழ வாசனை, இளைப்பு எல்லாமே இதுதானாம். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று ரசித்தேனே — நோயையா ரசித்தேன்? ஐயோ.

ஜூஸ் கதையைக் கேட்டதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இனி ஊசி. தினமும். ஆயுசுக்கும். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

ஜூலை 20, சனி

"கூடப் படிக்கறவங்களுக்கும் வாத்தியாருங்களுக்கும் சொல்லி வைங்க. ஊசி போட்டுட்டு சாப்பிடாம விட்டா சக்கரை சட்டுனு எறங்கிடும். அப்ப பக்கத்துல இருக்கறவங்கதான் ஒடனே இனிப்பு குடுத்துக் காப்பாத்தணும்" என்றார் டாக்டர். அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

"ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத. நாளைக்கு யாருடி உன்னைக் கட்டுவா? மஞ்சக்காமாலைன்னு சொல்லிக்கலாம்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். மஞ்சள்காமாலை என்றே முடிவானது. ஒரு நோயை மறைக்க இன்னொரு நோய்! கொசுவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு.

ஆகஸ்ட் 5, திங்கள்

திரும்ப விடுதி. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடுகிறேன், திருட்டு சிகரெட் பிடிக்கிறவள் மாதிரி.

ஆகஸ்ட் 21, புதன்

சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மதியம் ஊசி போட்டுவிட்டுப் போனால் கேன்டீனில் நிற்க இடமில்லை. வகுப்பு வேறு ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சாப்பிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. பையில் மிட்டாய் இருக்கிறது. பாடம் நடக்கும்போது வாயில் போட்டால் ஏன் என்று கேட்பார்களே, என்ன சொல்வது... யோசித்துக்கொண்டே சரிந்துவிட்டேன்.

முழுசாக மயங்கவில்லை. காது கேட்டது, வாய்தான் வரவில்லை. "மஞ்சக்காமாலை வந்தவ. ரெஸ்ட்தான் வேணும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று அக்கறையாகப் படுக்க வைத்து விசிறினார்கள்! மிட்டாய் கைக்கெட்டும் தூரத்தில். அட பாவிங்களா, செத்துட்டிருக்கேன்டி! கத்தினேன், உள்ளுக்குள்ளேயே. அவர்கள் என்ன செய்வார்கள், நாங்கள் சொன்ன பொய்யைத்தானே நம்பினார்கள்.

யாரோ போய்ச் சொல்லி, பக்கத்து வகுப்பிலிருந்து கொசு பறந்து வந்தாள். "மஞ்சக்காமாலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவளுக்குச் சக்கரை! யார்ட்டடா ஜூஸ் இருக்கு?" வகுப்பே வாயைப் பிளந்தது. என்னை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, மடக்கு மடக்காகப் புகட்டினாள்.

அறைக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "அன்னிக்கு ஜூஸ் குடிச்சது தப்பு, இன்னிக்குக் குடிக்காதது தப்பு. உன் ஒடம்பு என்ன மாமியாரா?" சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதையும் சேர்த்து. திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "இப்ப சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

அம்மாவும் நானும் ரயிலில் பெரியம்மா வீட்டுக்கு. எதிரே ஒரு அம்மாள். பொண்ணு என்ன படிக்குது, வரன் பாக்கறீங்களா, என் தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கான் என்று ஏறியதிலிருந்து அம்மாவோடு ஒரே ஒட்டுறவு. சாப்பாட்டு நேரம் வந்தது. ஊசிப் பையை மறைத்துக்கொண்டு கழிவறைக்கு எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அந்த நாத்தத்துல எதுக்கு? இங்கயே போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர் சீட்டு அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன ஊசிங்க அது?" என்றார்.

"இன்சுலின். பொண்ணுக்குச் சக்கரைங்க." பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள் அம்மா. "நான் தூங்கிட்டேன்னா ஒரு கண்ணு பாத்துக்கோங்க. வேர்த்து நடுங்க ஆரம்பிச்சான்னா, மொதல்ல இனிப்பா ஏதாச்சும் குடுங்க. அப்புறம் என்னை எழுப்புங்க."