பாட்டு நின்றால் இழு

காவாந்தண்டலம்
11.08.2024, ஞாயிறு, காலை 6.40
தமிழ்வாணன் பேச்சு நின்று இன்றோடு பத்தொன்பது நாள்.

அன்புள்ள அனுப்ரியா அக்காவுக்கு, பிரேம்நாத் வணக்கத்தோடு எழுதுவது.

மஸ்கட்டில் நீங்களும் மாமாவும் சுகம்தானே. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் பேப்பரில் எழுதி போட்டோ அனுப்புகிறேன். முழுசாகப் படியுங்கள்.

உங்கள் தம்பி தமிழ்வாணன் கண் திறக்கிறான். கஞ்சி ஊட்டினால் விழுங்குகிறான். அவ்வளவுதான். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அதிகம், பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

அன்று நானும் அவனும் மானாம்பதி கல்யாண மண்டபத்தில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு உள்பெயிண்ட் அடித்தோம். பத்தடி ஆழம், ஒரே மூடி. அந்த பெயிண்டின் நெடி ஆளைச் சாய்த்துவிடும். காற்று இழுக்கும் ஃபேன் வைத்திருக்க வேண்டும். டிப்ளமோ படித்த எனக்கு அது தெரியும். வாடகைக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போகச் சோம்பல். பதிலுக்கு நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். மூடி ஓரம் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். உள்ளே இருப்பவன் கூடவே பாடிக்கொண்டு அடிக்க வேண்டும். அவன் பாட்டு நின்றால் மேலே இருப்பவன் கயிற்றை இழுக்க வேண்டும். ஏழு தொட்டி இப்படியே முடித்தோம். பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பு எனக்கு.

அன்றைக்கு உள்ளே இறங்கியது அவன். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னான். சுருதியே சேராது, தொட்டிக்குள் எதிரொலி வேறு. "பேஜார் பண்ணாதடா"ன்னு கத்தினேன். "உசுரோட கீறேன்னு தெரிய வேணாமா உனுக்கு"ன்னு சிரித்துவிட்டு இன்னும் உரக்கப் பாடினான். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு வேறு பாட்டு கேட்டேன்.

மூன்று பாட்டு. பதின்மூன்று நிமிஷம். கழற்றியபோது ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மண்டபத்துச் சமையல்காரர்களோடு சேர்ந்து இழுத்தேன். நான் கேட்ட மூன்றில் எந்தப் பாட்டின்போது அவன் குரல் நின்றது என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது.

சத்தம் நின்றதும் இழுத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன், போலீஸிலும். வருகிறவர்களிடம் எல்லாம் உங்கள் அம்மா, "இந்தப் புள்ள இல்லன்னா என் புள்ளய வாரிக் குடுத்துட்டு நின்னிருப்பேன்" என்கிறார். எனக்குத்தான் முதல் டீ. நீங்களும் வாய்ஸில் நன்றி சொன்னீர்கள். அதை இரண்டாவது முறை கேட்கவில்லை.

நேற்று அதே பாட்டை அவன் காதருகில் வைத்தேன். உதடு அசையவில்லை. கண்ணோரம் ஈரம். பாட்டு கேட்டால் புள்ளைக்கு சந்தோஷம் என்றார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி செய்யப்போவது:

1. இன்று டீயைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அம்மாவிடம் உண்மையைச் சொல்வது.
2. நாளை உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுப்பது.
3. தினமும் காலை ஆறு மணிக்கு வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, கை கால் பயிற்சி கொடுப்பது. உள்ளே வராதே என்றால் வாசலில் நிற்பது.
4. நீங்கள் ஊருக்கு வரும் அன்று ஏர்போர்ட்டில் காத்திருப்பது. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் அக்கா. நன்றி மட்டும் வேண்டாம்.

பிரேம்நாத்