இடது குரல் நாண்

கியூர்பிப், 14 ஜூலை 1994, மாலை 4.40. இன்றோடு முப்பத்தேழு சோதனை முடிந்தது.

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் தேவலையா? பழைய வாரப்பத்திரிகைகள் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தீவில் கோயிலைத் தவிர வேறெங்கும் தமிழ் காதில் விழுவதில்லை.

தொண்டையின் இரண்டு குரல் நாண்களும் எப்படி அதிர்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்பதுதான் கல்லூரியில் என் வேலை. இன்று இடது நாணை மட்டும் கனமாக்கி விறைக்க வைத்தேன். கரகரவென்று ஒரு ‘ஆ’ வந்தது. உங்கள் போனை எடுத்து என்னைக் கூப்பிடும் கண்ணம்மா அக்கா, “ஆயோ, சா தோ பப்பா!” என்று இந்த ஊர்ப் பேச்சில் கத்தினார்; போனில் வரும் உன் அப்பா இது என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

போனில் சொன்னால் மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நான்கு மாதமாக, “தக்காளி ஏலம் கூவுறவனுக்குத் தொண்டை கட்டாம வேற என்னடா கட்டும்?” என்கிறீர்கள். நானும் நம்பி, மிளகுக் கஷாயம் குடிக்கச் சொன்னேன். படித்தவன் செய்த தப்பு அது. ஒரு நாணில் கட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் பார்த்தால்தான் தெரியும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. மதுரையில் தொண்டை டாக்டரிடம் இந்த மாதக் கடைசியில் உங்களுக்கு நேரம் வாங்குவேன்.
2. லீவு கேட்பேன். தராவிட்டாலும் வருவேன்.
3. அதுவரை ஞாயிறுதோறும் நானே கூப்பிடுவேன். நீங்கள் பேசவேண்டாம் அப்பா, ரிசீவரைக் காதில் வைத்திருந்தால் போதும்.

நீலமேகம்