எஸ்தருக்கு அடுத்த வேலை

கவரைப்பேட்டை
9-2-1977, புதன்கிழமை

என் பிரியமுள்ள விக்டோரியா மகாராணிக்கு,

உன் சேவகன் சாலமோன் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் நம் மகள் எஸ்தரும் இங்கே சுகம். அங்கே நீ ஊசிக்கு முகம் சுளிக்காமல், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காமல், கொடுக்கிற பாலைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதினேன், தெரியும் என்று எழுதவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு பக்கம் முடிய ஒரு பீடி தீர்ந்துவிடும். நேற்று பீடியைப் பற்றவைக்கவே மறந்துபோனேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். இனி எஸ்தருக்கு எதுவும் சொல்லித் தராதே, மிச்சத்தை நான் வந்து சொல்லித் தருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இன்றைக்கு எனக்கு வார லீவு. காலையிலிருந்து இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கொஞ்சம் முன்பு குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்புக்குப் போனேன். குப்பம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ரொம்புன கொடத்த தூக்கினு தண்ணி புடிக்கப் போற" என்று கேட்டாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

எஸ்தர் குப்பம்மாளை அம்மா என்று கூப்பிடுகிறாளாமே என்று கேட்டிருக்கிறாய். யார் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. உன் அருமைத் தம்பி தாவீதுதான். ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனவன் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேண்டும், அதற்கு ஏற்ற அளவில் பூட்டு இந்த ஜில்லாவில் கிடைக்காது.

கூப்பிடுகிறாள் என்பது நிஜம். நான் ஷிப்டுக்குப் போனால் எஸ்தர் பக்கத்து வீட்டில் குப்பம்மாளிடம்தான் இருக்கிறாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அம்மா அம்மா என்று கத்தும்போது இவளும் சேர்ந்து கத்துகிறாள். குப்பம்மாள் சும்மா விடுகிறவளா. "நான் உங்கம்மா இல்லடி, உங்கம்மா தாம்பரத்துல ராணியாட்டம் கட்டில்ல படுத்துக்கினு கீறா, நான் உனுக்கு வேலக்காரி" என்று சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறாள். ஊட்டுகிறாள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஊட்ட விடுவதில்லை உன் மகள். தானே சாப்பிடுகிறாள். எல்லாம் உன்னால் வந்தது.

கலியாணத்துக்கு முன்பு அடையாறு பக்கம் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தபோது நீ பார்த்த மாண்டிசோரிப் பாடத்தை எல்லாம், கட்டிலில் படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினாய். முதல் கடிதத்தைப் படித்து நான் சிரித்தது உண்மை. பயறை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொட்டாமல் மாற்றுவது ஒரு பாடமா, அப்படியானால் நம் ரேஷன் கடைக்காரன் இன்னும் ஒன்றாம் வகுப்பே தாண்டவில்லை என்று தாவீதிடம் சொன்னேன். ஆனால் இவள் பாயை விரித்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பயறை இப்படியும் அப்படியும் மாற்றிய அழகைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் ரயில் போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை வேலை செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில், குறுக்கே போகாதே என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு வந்த தண்டனை. கண்ணாடி டம்ளர் சாய்கிறது, கை பரபரக்கிறது, எடுக்கக் கூடாது. டம்ளர் உடைந்தது. அவளே துடைப்பத்தை எடுக்கப் போனாள். அதற்கு மட்டும் நான் குறுக்கே போனேன், நீ என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டு, விரலால் தடவித் தடவி எழுத்தைப் படித்துக்கொள்வாள் என்று எழுதினாய். நான் கெட்டிக்காரன் இல்லையா, கம்பெனியில் வார்ப்பு இரும்பைத் தேய்க்கிற தாளைக் கொண்டுவந்து "ப" வெட்டி ஒட்டிவிட்டேன். பாவம், தடவினாள், கையை எடுத்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடி தடவினாள். அழவில்லை. "நைனா, இந்த ப கடிக்குது" என்றாள். விரல் நுனி சிவந்து கிடந்தது. தாவீது வந்து என்னைத் திட்டிவிட்டு, மரத்துக்குத் தேய்க்கிற மெல்லிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது ட, ப, ம மூன்றும் கடிக்காமல் இருக்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கடிக்கிறது என்று ஓடியவன் நான், எனக்கே தடவிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அடுக்குகிற கட்டைக்கும் ஒரு கதை உண்டு. கம்பெனி மரப்பட்டறையில் கழித்துப் போட்ட துண்டில் உன் தம்பி பெரியதிலிருந்து சின்னது வரை அழகாக அறுத்து இழைத்துக் கொடுத்தான். மேஸ்திரியிடம் கேட்டுத்தான் எடுத்தான். ஆனால் அதைக் கேட்டில் காவல்காரரிடம் யாரும் சொல்லவில்லை. என் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார். "இன்னாய்யா இது, கம்பெனிய துண்டு துண்டா ஊட்டுக்கு எடுத்துக்கினு போறியா" என்றார். பிள்ளைக்குப் பாடம் என்றேன். "இதுலயா பாடம், அடுக்கிக் காட்டு" என்றார். ஷிப்டு விட்டுப் போகிற கூட்டம் முழுக்க நிற்க, அவருடைய மேஜைமேல் நான் அடுக்கினேன். சரிந்தது. அவர் அடுக்கினார். அதுவும் சரிந்தது. கூட்டத்தில் ஒருவன் "ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல ஃபெயிலு" என்று கத்தினான். மேஸ்திரி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். வீட்டில் உன் மகள் முதல் தடவையிலேயே அடுக்கிவிட்டாள் என்று எழுத ஆசைதான். இல்லை, அவளும் நாலைந்து நாள் சரித்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இனி எழுதப் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முக்கியமாகப் பொத்தான் போடுவதை எனக்கு வைத்திரு, அதை நான்தான் சொல்லித் தருவேன் என்று உன் கடிதத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். பிள்ளை போட்டுவிட்டாள், விக்டோரியா. என் பழைய காக்கிச் சட்டையின் முன்பக்கத்தைக் கிழித்து தாவீது ஒரு சட்டத்தில் அடித்துக் கொடுத்திருந்தான், நீ போன மாதம் எழுதியபடிதான். திங்கட்கிழமை காலையில் அது வந்துவிட்டது அவளுக்கு. உடனே என்னிடம் வந்து, நான் போட்டிருந்த சட்டையின் பொத்தானை எல்லாம் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டாள். ஒரு பொத்தான் தள்ளிப் போட்டதால் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான் திருத்தவில்லை. அப்படியே கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, அப்படியே கம்பெனிக்குள் போனேன். என்னய்யா குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நீ ஏன் நிறுத்தச் சொல்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நீ எழுத எழுத அவள் எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறாள். சோற்றுக்கு நம் கை வேண்டாம், தண்ணீருக்கு நம் கை வேண்டாம், பொத்தானுக்கும் வேண்டாம். அப்புறம் அம்மா எதற்கு என்று ஆகிவிடுமோ என்று உனக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நேற்று நடந்ததை எழுதுகிறேன், கேள்.

தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் எஸ்தர் ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொள்வாள். பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். கடிதம் யாருக்கு வந்தாலும் அப்படித்தான். நேற்று உன் கடிதம் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், குப்பம்மாள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். நான் வந்ததும், "அம்மா இன்னா வேல அனுப்பிச்சிகீது" என்று கேட்டாள். உன் கடிதத்தில் வேலை எதுவும் இல்லை. பயறையும் மொச்சையையும் கலந்து வைத்து, பிரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது என்று புளுகினேன். பாத்திரத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இது அம்மா அனுப்பல. நீ அனுப்புன" என்று சொல்லிப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். உன் மகளுக்கு மூன்றரை வயது. உன் வேலை எது, என் வேலை எது என்று அவளுக்குத் தெரிகிறது. குப்பம்மாளை எத்தனை தடவை அம்மா என்று கூப்பிட்டாலும், குப்பம்மாளிடம் போய் வேலை கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வரும்போது டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சளியில் டி.பி. கிருமி வருவது இன்னும் நிற்கவில்லை என்றார்கள். ஊசியைப் பாதியில் விட்டால் அது பழையதைவிட முரடாகத் திரும்பும், அப்புறம் இந்த மருந்துக்கு அடங்காது என்றார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். நம் வீடு எத்தனை பெரியது என்று உனக்குத் தெரியும். நீ இருமினால் அவள் தலைமாட்டில்தான் இருமவேண்டும்.

நீ இல்லாத வீட்டில் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. திட்ட ஆள் இல்லாமல் நானே என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே வா என்று எழுத இந்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

நாளைக் காலை தாவீது இந்தக் கடிதத்தோடு வருவான். பெட்டியைக் கட்டி வைத்திருந்தால் அவன் முன்னாலேயே அவிழ்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன், வார்டுக்குள் கூடாது, வெளியே வெட்டவெளியில், மரத்துக்கு அந்தப் பக்கம் தூர நின்று பார்க்கலாம் என்றார்கள். நீ வராந்தாவில் நில். நாங்கள் அந்த மரத்தடியில் நிற்போம். அவளுடைய கவுன் பொத்தானை அவளே போட்டிருப்பாள், தூரத்திலிருந்தே உனக்குத் தெரியும். படி இறங்காதே, விக்டோரியா. அவள் உன்னைக் கூப்பிட மாட்டாளோ என்பது உன் பயம். கூப்பிட்டுவிடுவாளே என்பது என் பயம். கூப்பிட்டாலும் இறங்காதே. நான் அவளைப் பிடித்துக்கொள்கிறேன், நீ அந்தத் தூணைப் பிடித்துக்கொள்.

தாவீதிடம் எனக்குப் பதில் என்று ஒன்றும் எழுதவேண்டாம். எஸ்தருக்கு அடுத்த வேலை என்ன என்று ஒரு வரி எழுதிக் கொடு, போதும். அந்த வரி வந்தால் நீ கட்டிலில்தான் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். கர்த்தர் உன் ஒவ்வொரு மூச்சின்மேலும் கையை வைத்துக் காப்பாராக.

பாய் விரித்துத்தான் கிடக்கிறது.

உன்
சாலமோன்