கதவுக்கு வெளியே பறை

கீழே பார்க்கிங்கில் நம் நாடகக் குழுப் பிள்ளைகள் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். செம்பூர் மழையில் தோல் தளர்ந்துவிடுகிறது. புகையும் தோல் வாடையும் என் ஜன்னல்வரை வருகின்றன. குடியிருப்புச் சொசைட்டிக்காரர்கள் புகார் சொல்லிப் போன் செய்வதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நீ இறந்துபோன பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

பெருவெள்ளத்தன்று தாராவியில் உன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒதுங்கினாய். ஒரு கதவுக்குள் தமிழ்ப் பேச்சு கேட்டது. தட்டினாய். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கதவைத் திறக்காமலே கேட்டார்கள். சொன்னாய். அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

அதைத்தான் நாடகமாக்கினாய். வசனம் நான் எழுதினேன். பறை நீ அடித்தாய். நாடகம் பார்த்து யாரும் மாறுவார்கள் என்று நான் நம்பியதில்லை. "மாற வேண்டாம்ட்டி, காதுல விழட்டும்" என்பாய். அந்தக் கட்டடத்துக்காரர்கள் வருவார்கள் என்பதற்காகவே மாட்டுங்கா மண்டபத்தைப் பிடித்தாய். நிர்வாகி பறையைப் பார்த்ததும் வாசலிலேயே மறித்தார்.

"சாவு மேளம் உள்ள வேண்டாம்மா. நாளைக்கு இங்க கல்யாணம். மிருதங்கம் வெச்சுக்கோங்களேன்."

"வெள்ளத்துல செத்தவனுக்கு மிருதங்கமா சார்? எந்திச்சு தாளம் போட்டுருவானே!"

நீ சொன்னதும் நம் குழு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாடகமே வேண்டாம், போய்விடலாம் என்றேன்.

"போனா அவுகளுக்குத்தான் நிம்மதி. நீ உள்ள போ. நான் படியில நின்னு அடிக்கேன். எனக்குப் பழக்கம்தான?"

ஏசிக்காகக் கதவை மூடினார்கள். மேடையில் உன் வேடத்தில் நடித்த பெண் கதவைத் தட்டும் இடத்தில், மூடிய கதவுக்கு அப்பால் உன் பறை எழுந்தது. மங்கலாக, ஆனால் நிற்காமல். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்துபோய்த் திறக்கவில்லை. முடிந்ததும் நிர்வாகி என்னிடம் வந்து, "வெளியேர்ந்து வந்த சவுண்ட் பிரமாதம்மா, என்ன ஐடியா!" என்றார்.

டாக்சியில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏட்டி, வெளிய நிறுத்துனதுக்கும் கைதட்டிட்டானுவ. இனிமே பறை உள்ள வரலாமான்னு முதல்லயே கேட்டுருவோம்."

இப்போது மண்டபங்களுக்குப் பேசுவது நான்தான். வாடகை பேசுவதற்கு முன்னால் அதைக் கேட்கிறேன். "பார்த்துச் சொல்றோம்" என்பவர்கள் திரும்ப அழைப்பதில்லை. போன வாரம் ஒருவர், "தாராளமா வரட்டுமே" என்றார். நீ என்றால் உடனே தேதி கேட்டிருப்பாய். நான், "பாதியில நிறுத்தச் சொல்ல மாட்டீங்களே?" என்றேன்.

"என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?" என்று சிரித்தார்.

பதில் வரும்வரை போனை வைக்கவில்லை.