ஐராவதம் மேலே ஏறிய காலை

வுப்பர்டால், ஜெர்மனி
11.04.2025

அன்பு மகள் நிருஷாவுக்கு அப்பா எழுதுவது,

நேற்று மத்தியானம் சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே ஒரே மழை. அம்மா முதியோர் இல்லத்தில் யாருடனோ வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள். "ஆளே கறுத்துப் போனியள், ஆனா முகம் நல்லாயிருக்கு" என்றாள்.

தொலைபேசி இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீயும் நானும் "சாப்பிட்டியா", "ஓம் அப்பா" என்பதைத் தாண்டியதில்லை. இதை நீ குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அழ அழக் கூட்டிப்போனதற்கு இன்றைக்குப் பலன் கிடைக்கட்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் தாய்லாந்துக்கு வந்தது புரிராம் மாகாணத்துப் பழைய கோயில்களைப் பார்க்க அல்ல. உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வர. உன் பெயரிலும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தேன். கொலோனில் கற்சிலை திருத்தும் ஓர் இடத்துக்கு நானே போன் பண்ணி, திங்கட்கிழமைக்கு உனக்கு நேர்முகத்துக்கு நேரம் குறித்து டெர்மினும் எடுத்து வைத்திருந்தேன். கோபிக்காதே. பஸ் நாளுக்கு இரண்டு தரம் வருகிற ஊரில், இருபத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாக ஒரு பழங்கோயிலின் உடைந்த கல்லை ஒட்டிக்கொண்டிருக்கிறாளே என்று இரண்டு வருடமாக எனக்கு நித்திரை இல்லை.

வந்த பிறகும் பத்து நாளாக அதைச் சொல்ல வாய் வரவில்லை. வயல், எருமைகள், குளத்தில் தாமரை. மத்தியானத்தில் ஒரு சத்தம் கிடையாது. நீ இருக்கிற வீட்டுக்காரி மாலியின் பப்பாளிச் சம்பலுக்கு முன்னால் அம்மாவின் உறைப்பு ஒன்றுமே இல்லை (இதை அம்மாவுக்குச் சொல்லாதே).

கடைசிக்கு முதல்நாள் காலையில் நீ, "வெயில் கூட, வீட்டில இருங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய் அல்லவா? நான் இருக்கவில்லை. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். நடந்து போக மாலி விடவில்லை. தன்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏறு என்று சைகை காட்டினாள். அறுபத்தொரு வயதில் நான் ஒரு பெண்ணுக்குப் பின்னால் இருந்து வயல் வரம்பில் பறந்தேன், பிள்ளை!

கோயில் வேலிக்கு வெளியே அவள் என்னை மறித்தாள். தன் போனில் ஏதோ பேசி, அது ஆங்கிலத்தில் காட்டியதை என் முன்னால் பிடித்தாள். "இன்று வாசலின் மேற்கல் ஏறுகிறது. உங்கள் மகள் சொன்னால்தான் ஏறும்." அங்கேயே நின்றுவிட்டேன்.

மூன்று துண்டாகக் கிடந்ததை நீ இரண்டு வருடமாகப் பொருத்திய அந்தக் கல்லை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். மூன்று தலை ஐராவதம், மேலே இந்திரன். எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பு செதுக்கியவன் எனக்குத் தெரிந்த கதையைத்தான் செதுக்கியிருக்கிறான்!

கிரேன் தூக்கத் தொடங்கியது. கல் ஓர் ஆள் உயரத்துக்கு வந்தபோது அதைக் கட்டித் தூக்கிய வலப்பக்கப் பட்டி மெல்ல உள்ளே வழுக்கியது. இருபத்தெட்டு வருடமாகத் தொழிற்சாலையில் கிரேனோடு வேலை செய்கிறவன் நான். அது எதில் முடியும் என்று தெரியும். "நிப்பாட்டுங்கோ!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் நீ கையை உயர்த்திவிட்டாய். எனக்கு முன்னமே கண்டுவிட்டாய்!

கிரேன் நின்றது. பன்னிரண்டு ஆண்கள் அசையாமல் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ கத்தவில்லை. மெதுவாக ஏதோ சொன்னாய், கல் மணல் மூட்டைகளின் மேல் இறங்கியது. நீயே பட்டியை அவிழ்த்து, அளந்து, மறுபடி கட்டுவித்தாய். முக்கால் மணித்தியாலம் அந்த வெயிலில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிறகு ஐராவதம் ஏறியது. நேராகப் போய்த் தன் இடத்தில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வேலிக்கு வெளியே நான் தட்டிய தட்டில் ஓர் எருமை எழும்பி ஓடியது. மாலி என் முதுகில் அடித்து, "லூக், லூக்" என்றாள். பிள்ளை என்று அர்த்தமாம். உன்னை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

உள்ளே வந்திருப்பேன். உன் ஆட்களுக்கு முன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து திரும்பிவிட்டேன். பின்னேரம் நீ வந்து, "இண்டைக்கு வேலை பரவாயில்லை அப்பா" என்றாய். நானும் மடையன் மாதிரி "சாப்பிட்டியா" என்றேன்.

விமானத்தில் உன் இருக்கையில் என் தொப்பி வந்தது.

இன்று காலை கொலோனுக்குப் போன் பண்ணி டெர்மினை நிறுத்தினேன். உங்கள் மகளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆயிரம் வருடத்துக் கோயிலுக்கு வாசல் வைக்கிறாள் என்றேன்.  உடனே, படம் இருந்தால் அனுப்பச் சொன்னாள். பக்கத்து வீட்டு செல்வரட்ணம் அண்ணைக்கும் முழுக்கதையும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை வேலையிடத்தில் சொல்ல வேண்டும்.

இனி நான் "எப்ப வாறாய்" என்று உன்னைக் கேட்கமாட்டேன். அடுத்த கல்லை எந்த மாதம் ஏற்றுகிறீர்கள் என்று மட்டும் உடனே எழுது. அம்மாவின் விடுமுறைக்கு இப்போதே அன்ட்ராக் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். இந்த முறை வேலிக்கு உள்ளே நிற்க விடுவாயா, பிள்ளை?

நீ எங்கே நின்றாலும் நல்லாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
இராசலிங்கம்