பந்து பக்கம் நின்றவனுக்கு

நேற்று கம்பெனியில் எல்லோருக்கும் நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். பிரித்ததும் குப்பென்று சாய வாடை. பக்கத்து நாட்டோடு கிரிக்கெட்டாம், அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறவர்கள் லைனை நிறுத்தி மேட்ச் காட்டுகிறார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அந்த வாடை உன்னைக் கொண்டுவந்துவிட்டது, மாப்ளே.

நான் பென்னலூர்க்காரன், நீ தூத்துக்குடிப் பக்கத்துக் கபடிக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் உன் வாடகை அறையில் மேட்ச் பார்ப்போம். “ஆட வர்றவனுங்களுக்கு முன்னாடி மந்திரிங்க இன்னாத்துக்குடா கையாட்டிகினு வர்றாங்கோ?” என்பேன். நீ சிரிப்பாய். “பூனை பால் குடிச்சாலும் ஒனக்குச் சந்தேகம், குடிக்கலன்னாலும் சந்தேகம். சும்மா கெடடே!”

அன்றும் இதே கேன்டீன்தான், இதே சாய வாடை டி-ஷர்ட்தான், இதே பக்கத்து நாடுதான். அவர்கள் ஆள் போட்ட பந்தில் நம்மவர் ஸ்டம்ப் பறந்தது. கேன்டீனே செத்துக் கிடக்க, நீ மட்டும் “அடி சக்க!” என்று கைதட்டினாய். ‘கபடி கபடி’ என்று பாடி வருகிறவன் எதிர் அணி என்றாலும், நன்றாகப் பாடினால் கைதட்டுவது உங்கள் ஊர்க் கபடி வழக்கம். அதை இங்கேயா கொண்டுவருவாய், பாவி!

திரைக்கடியில் நின்றிருந்தார் சூப்பர்வைசர். அவர் மேட்ச் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்களைத்தான் பார்ப்பார். “இன்னாடா, யாரு பக்கம் நீ?”

“பந்து பக்கம், சார்.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் எல்லோருக்கும் கான்ட்ராக்டை நீட்டித்தார்கள், உனக்கு மட்டும் இல்லை. ஆள் குறைப்பு என்றார்கள். நீயும் அதை நம்பினாய். “கைதட்டுனதுக்கா வேலய விட்டுத் தூக்குவாவ? போடே!” ஊருக்குப் போனாய், மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உன் அக்காவே சொல்கிறாள். எனக்கு மனசு ஆறவே இல்லையடா.

நேற்று நாம்தான் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கேப்டன் கை நீட்டினான், நம்மவர் பார்க்காதது மாதிரி திரும்பி நடந்தார். அது அவராக எடுத்த முடிவா, மேலேயிருந்து யாராவது சொன்னார்களா என்று நான் குடைந்துகொண்டிருக்கும்போதே கேன்டீன் முழுக்க விசில். என் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், சிவகங்கையிலிருந்து புதிதாக வந்தவள், “ஐயோ பாவம், கைய நீட்டிக்கிட்டே நிக்கிறாரே” என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

திரைக்கடியில் அந்தத் தலை இந்தப் பக்கம் திரும்பியது. யார் குரல் என்று ஒவ்வொரு முகமாகத் தேடியது. நான் எழுந்து, அவளுக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, மறைக்குது, தள்ளுங்க” என்றாள்.

நான் நகரவில்லை.